கொச்சியும் தேக்கடியும்: கடலிலிருந்து மலைக்கா, மலையிலிருந்து கடலுக்கா?

தமிழ்நாட்டிலிருந்து நான்கைந்து நாள் விடுப்பில் கேரளத்துக்குப் புறப்படுகிற குடும்பங்கள் பல, ஃபோர்ட் கொச்சியின் பழைய தெருக்களையும் தேக்கடியின் ஏரிக்கரைக் காட்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட விரும்புகின்றன. இரண்டுக்கும் இடையே சாலை வழியாக ஏறத்தாழ ஐந்து மணி நேரமே ஆகும் என்பதால் அந்த விருப்பம் நியாயமானதுதான். ஆனால் பெரும்பாலோர் போடுகிற திட்டம் ஒன்றே: கொச்சியில் போய் இறங்குவது, வாடகைக் காரில் தேக்கடிக்கு ஏறுவது, ஓர் இரவு தங்கி ஒரு படகுப் பயணம் முடிப்பது, வந்த வழியே கொச்சிக்குத் திரும்பி ரயில் ஏறுவது. இதைவிட நல்ல வழிகள் இரண்டு உள்ளன. அவற்றிலும் ஒன்று மற்றதைக் காட்டிலும் மேலானது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

போய்த் திரும்பும் வழியை முதல் வழி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வழி, கொச்சியில் தொடங்கி, கோட்டயம், முண்டக்கயம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு வழியாக, தேக்கடியை ஒட்டிய எல்லை ஊரான குமுளிக்கு ஏறி, அங்கே தங்கிவிட்டுக் கிழக்கே கம்பத்துக்கு இறங்கி, தேனி, மதுரை வழியாக ஊர் திரும்புவது. மூன்றாவது வழி இதைத் தலைகீழாக மாற்றுவது: மதுரை, தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கு ஏறி, காட்டை முதலில் பார்த்து, பிறகு மேற்கே இறங்கிக் கொச்சியில் தங்கி, எர்ணாகுளத்தில் ரயில் ஏறுவது.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காரைக் கொச்சியிலேயே அமர்த்தி அங்கேயே திருப்பிவிடலாம் என்ற வசதியைத் தவிர அதில் வேறு நன்மை இல்லை. ஒரே மலைச்சாலையில் இரண்டு முறை, மொத்தம் பத்து மணி நேரம் கழிகிறது. விமானத்தில் வந்து விமானத்திலேயே திரும்புகிறவர்களுக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

மற்ற இரண்டு வழிகளும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் குறுக்கே கடக்கின்றன. தூரமும் செலவும் ஒன்றே. அப்படியானால் எங்கே தொடங்குவது என்பதில் என்ன வேறுபாடு வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். வேறுபாடு உண்டு. காட்டில் நாம் நினைத்தபடி எதுவும் நடக்கும் என்ற உறுதி கிடையாது. மழையால் ஏரியில் மூங்கில் தெப்பப் பயணம் நின்றுபோகலாம். படகில் இடம் கிடைக்காமல் போகலாம். மலைச்சாலையில் மண் சரிந்து வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கலாம். இந்த நிச்சயமின்மையைப் பயணத்தின் முன்பகுதியில் வைத்துவிட்டால், ஒரு நாள் தவறினாலும் மறுநாள் ஈடுசெய்ய முடியும். திரும்பும் ரயிலுக்கு எந்த ஆபத்தும் வராது. கொச்சியில் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால், அங்கே அரை நாள் குறைந்தாலும் பெரிய இழப்பு இல்லை. இதை மாற்றி, குமுளியைக் கடைசியில் வைத்துக்கொண்டால், மதுரையில் இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற பதற்றத்தோடுதான் கடைசிப் படகில் உட்கார வேண்டியிருக்கும்.

இன்னொரு காரணம் கிழமைகளைச் சார்ந்தது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பரதேசி யூதப் பள்ளி எனப்படும் யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. வெள்ளிக்கிழமை பிற்பகலிலும் உள்ளே விடுவதில்லை. வியாழன் இரவு சென்னையில் புறப்பட்டு நேரே கொச்சிக்குப் போகிறவர், அந்த நகரத்தில் காண வேண்டிய முக்கியமான இரண்டு கட்டடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கிடக்கிற இரண்டு நாள்களில்தான் அங்கே இருப்பார். அதே வியாழன் இரவு மதுரை ரயிலில் ஏறுகிறவர் வெள்ளியும் சனியும் தேக்கடியில் கழித்து, ஞாயிறு மாலைக்குள் கொச்சிக்கு வந்து, திங்களன்று இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம். வார இறுதியில் தேக்கடிப் படகுகளில் நெரிசல் கூடும் என்பது இதற்கு எதிரான உண்மையான வாதம். ஆனால் அதை முன்பதிவால் சமாளிக்க முடியும், மூடிய கதவை எதனாலும் சமாளிக்க முடியாது.

கிழக்கிலிருந்து ஏறுவதில், நம்மவர்களுக்கு மட்டுமே முழுதாகப் புரியக்கூடிய பொருத்தம் ஒன்றும் இருக்கிறது. தேக்கடி ஏரி இயற்கையான ஏரி அன்று. மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் பெரியாற்றின் குறுக்கே ஜான் பென்னிகுயிக் தலைமையில் அணை கட்டி, தேங்கிய நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பி, வைகைப் படுகைக்குக் கொடுத்ததால் உருவான நீர்த்தேக்கம் அது. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் வயல்களையும் பன்னீர் திராட்சைப் பந்தல்களையும் கடந்து, லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தைப் பார்த்து, மின்நிலையத்துக்காக மலைச்சரிவில் இறங்கும் நான்கு பெருங்குழாய்களுக்குப் பக்கமாக ஏறிப் போகிறவர், ஏரியைக் காண்பதற்கு முன்பே அந்த ஏரி எதற்காக உண்டானது என்பதைக் கண்ணால் கண்டுவிடுகிறார். மேற்கிலிருந்து வருகிறவருக்கு அது வெறும் படகுத்துறைதான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: அணையைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு தேக்கடிக்குப் போகக் கூடாது. சுற்றுலாப் படகுகள் அணைக்குப் போவதில்லை. அனுமதியின்றிப் பொதுமக்கள் அங்கே செல்லவும் முடியாது.

கொச்சியும் இதே ஆற்றால் ஆன ஊர்தான். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் சங்கப் பாடல்கள் புகழ்ந்த முசிறித் துறையை மண்மேடாக்கி, தெற்கே கொச்சியில் புதிய கடல்வாயைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். மலையில் தொடங்கிக் கடலில் முடிப்பது ஆறு போகிற திசையில் போவதும் ஆகும்.

போக்குவரத்தும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. அகலப் பாதைப் பணிக்காக ஆண்டுக்கணக்கில் மூடிக்கிடந்த மதுரை–போடி ரயில் பாதை 2023இல் முழுமையாகத் திறந்த பிறகு, சென்னையிலிருந்து தேனி வரை இரவு ரயிலிலேயே வந்துவிடலாம். அது வாரத்தில் சில நாள்கள் மட்டுமே ஓடுவதால், மற்ற நாள்களில் மதுரையில் இறங்கி அரசுப் பேருந்தில் போவதே சரி. மதுரையிலிருந்து குமுளி சுமார் 140 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்துக்கு உள்ளாகவே போய்விடலாம். எல்லை கடந்ததும் கேரளப் பேருந்து நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கோட்டயத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் பேருந்துகள் உண்டு. கோட்டயம் வரை பேருந்திலும், அதன் பிறகு ரயிலிலும் போவது வெயில் காலத்தில் உடம்புக்கு இதமாக இருக்கும். மூணாறு வழியாகச் சுற்றிக்கொண்டு கொச்சிக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மூணாறுக்கென்று தனியாக இரண்டு இரவு ஒதுக்க முடியாவிட்டால் அதை இந்தப் பயணத்தில் சேர்க்காதிருப்பதே நல்லது.

இனி தேக்கடியில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி. முழுப் பயணத்திலும் மிகவும் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு இதுதான் என்று நினைக்கிறேன். பெரியாறு புலிகள் காப்பகத்தின் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். 1950இல் சரணாலயமாகவும் 1978இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டு, 1982இல் அதன் உட்பகுதி தேசியப் பூங்காவானது. இவ்வளவு பெரிய காட்டில், ஏரியின் பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர் மட்டுமே. படகில் ஒன்றரை மணி நேரம் போய்வருகிறவர் அந்தக் காட்டின் விளிம்பைத்தான் தொட்டுத் திரும்புகிறார்.

படகுப் பயணத்தைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. முதியவர்களும் சிறு குழந்தைகளும் உடன் இருந்தால் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. நீரில் மூழ்கி நூறாண்டுகளுக்கு மேலாகியும் விழாமல் நிற்கும் பட்ட மரங்களின் உச்சியில் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகு விரித்துக் காய்வதை வேறெங்கும் இவ்வளவு அருகில் பார்க்க முடியாது. கரையோரப் புல்வெளியில் கடமான்களும் காட்டுப்பன்றிகளும் காட்டெருதுகளும் மேய்வதைக் காணும் வாய்ப்பு அதிகம். யானைக் கூட்டத்தைக் காண்பது அந்த நாளின் கொடுப்பினையைப் பொறுத்தது. புலியை எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஆனால் இயந்திரத்தின் சத்தத்தோடும் படகு நிறைந்த மனிதர்களின் ஆரவாரத்தோடும் போகிற பயணம் அது. பகல் ஏற ஏற விலங்குகள் உள்ளே ஒதுங்கிவிடும். ஆகவே படகு என்று முடிவு செய்தால் காலை 7.30 மணிப் படகையோ பிற்பகல் 3.30 மணிப் படகையோ மட்டுமே எடுக்க வேண்டும். இடைப்பட்ட நேரத்துப் படகுகளுக்குச் செலவிடும் பணம் ஏரிக் காற்றுக்கு மட்டுமே ஆகும். சொந்த வண்டிகளைப் படகுத்துறை வரை விடுவதில்லை; ஆனவச்சாலில் நிறுத்திவிட்டுக் காப்பகத்தின் பேருந்தில்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், முதல் படகுக்குப் போகிறவர்கள் விடியும்போதே கிளம்பிவிட வேண்டும். 2009 செப்டம்பர் 30 அன்று இந்த ஏரியில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அதற்குப் பிறகு உயிர்காப்பு அங்கி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. விலங்கு தென்பட்டதும் எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவதும், புகைப்படத்துக்காக அங்கியைக் கழற்றுவதும் நம் மக்களிடம் இன்னும் காணப்படுகிற பழக்கங்கள். இரண்டையும் தயவுசெய்து தவிர்க்க வேண்டும்.

நடக்க முடிந்தவர்களுக்கு என் தேர்வு மூங்கில் தெப்பம். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை வரை நீளும் அந்தப் பயணத்தில், சில மணி நேரம் காட்டு வழியே நடந்து ஏரியின் ஒரு கையை அடைந்து, துடுப்பால் தள்ளும் தெப்பத்தில் ஏறி, மறுபடி நடந்து திரும்ப வேண்டும். ஒரு குழுவில் பத்துப் பேர் அளவில்தான் அழைத்துப் போவார்கள். வழிகாட்டிகளோடு துப்பாக்கி ஏந்திய வனக்காவலரும் வருவார். சத்தம் இல்லாததால், கரையில் நிற்கும் காட்டெருது நாம் கடந்து போகும்வரை தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்குகிறது. தலைக்கு மேலே இருவாட்சி பறக்கும்போது அதன் சிறகோசை தெளிவாகக் கேட்கிறது. மலையணிலும் கருமந்தியும் எந்த மரத்தில் இருக்கின்றன என்பதை வழிகாட்டிகள் கிளை அசைவிலிருந்தே சொல்லிவிடுகிறார்கள்.

அந்த வழிகாட்டிகளுக்காகவும் இந்தப் பயணத்தைப் பரிந்துரைக்கிறேன். 1990களின் இறுதியில் இங்கே நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டம், காட்டில் வயணப் பட்டையை (காட்டு இலவங்கப் பட்டை) திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்தவர்களைக் கைதுசெய்து வழக்குப் போடுவதோடு நில்லாமல், அவர்களைக் குழுவாகச் சேர்த்து வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றியது. காட்டின் எந்த மூலையில் எந்த விலங்கு எந்த நேரத்தில் வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. மன்னான், பளியர் பழங்குடியினரும் இவ்வாறே வழிகாட்டிகளாகப் பணிபுரிகிறார்கள். பெரும்பாலோர் நன்றாகத் தமிழ் பேசுவார்கள். வேறு மாநிலத்தவரும் வெளிநாட்டவரும் மொழிபெயர்ப்பின் வழியாகக் கேட்கிற செய்திகளை நாம் நேரடியாகக் கேட்கலாம் என்பது நமக்குக் கிடைத்த பேறு. பயணம் முழுவதும் அவர்களிடம் கேட்டுக்கொண்டே போக வேண்டும். நாம் செலுத்தும் கட்டணம் அவர்களுடைய வாழ்வாதாரத்துக்கும் காட்டின் பாதுகாப்புக்கும் போகிறது.

தெப்பத்துக்கான இடங்கள் மிகக் குறைவு. காப்பகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். மழைக்காலத்தில் அட்டை கடிக்கும்; அதைத் தடுக்கும் துணி உறைகளை அங்கேயே தருவார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று. வயதான பெற்றோரோடு போகும் குடும்பங்கள், ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து காலைப் படகிலும், மறுநாள் இளையவர்கள் மட்டும் தெப்பத்திலுமாகப் பிரித்துக்கொள்வது நல்லது. குமுளியில் இரண்டு இரவு வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

கவி என்ற மூன்றாவது தெரிவும் உண்டு. வண்டிப்பெரியாறு, வல்லக்கடவு வழியாகக் காட்டுக்குள் நீளும் சாலையில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே சிறிய நீர்த்தேக்கத்தோடு அமைந்த இடம் அது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களை அங்கே குடியமர்த்தி, கேரள வனமேம்பாட்டுக் கழகம் தோட்ட வேலை கொடுத்தது. இன்று அங்கே வருகிறவர்களுக்குத் துடுப்புப் படகு ஓட்டுகிறவர்களிலும் வழி காட்டுகிறவர்களிலும் அக்குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். விலங்குகளைக் காண்பதைவிடக் காட்டின் அமைதியும் இந்த வரலாறும் முக்கியம் என்று நினைப்பவர்கள் தெப்பத்துக்குப் பதிலாகக் கவியைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் ஒரே பயணத்தில் திணிக்க வேண்டாம். ஓட்டுநர்கள் வழியில் நிறுத்திக் காட்டும் நறுமணப் பயிர்த் தோட்டங்களை நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

கொச்சியில் எங்கே தங்குவது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை: ஃபோர்ட் கொச்சியில். எர்ணாகுளத்தில் அறை வாடகை குறைவு, ரயில் நிலையம் பக்கம் என்ற வாதங்கள் உண்மைதான். ஆனால் அங்கே தங்குகிறவர் பத்து மணிக்கு மேல், வெயிலோடும் கூட்டத்தோடும் சேர்ந்தே பழைய நகரத்துக்குள் நுழைவார். ஃபோர்ட் கொச்சியின் பழைய வீடுகளில் பல இப்போது ஹோம்ஸ்டேக்களாக இயங்குகின்றன. அவற்றில் தங்கினால் விடியற்காலையில், சீன வலைகளை நான்கைந்து பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கும் கற்களின் எடையால் தூக்கி இறக்கும் வேலையை, புகைப்படக் கூட்டம் சேர்வதற்கு முன் பார்க்க முடியும். கடைசி நாள் மட்டும் எர்ணாகுளத்துக்கு மாறிக்கொள்ளலாம். இரண்டு கரைகளுக்கும் இடையே அரசுப் படகு மிகக் குறைந்த கட்டணத்தில் ஓடுகிறது. 2024 முதல் உயர் நீதிமன்றத் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோவும் உண்டு. தோப்பும்படி வழியாகக் காரில் போய் நெரிசலில் நிற்பதைவிட இரண்டுமே மேல்.

போர்த்துகீசியர் 1503இல் கோட்டை கட்டத் தொடங்கி, 1663இல் டச்சுக்காரர்களும் 1795இல் ஆங்கிலேயரும் கைப்பற்றிய ஊர் இது. புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமா 1524இல் புதைக்கப்பட்ட இடத்தைக் காட்டுவார்கள். எலும்புகள் பிற்பாடு போர்ச்சுகலுக்குக் கொண்டுபோகப்பட்டன. இருந்தாலும், ஒரு நாள் மட்டுமே கையில் இருந்தால் ஃபோர்ட் கொச்சியின் தேவாலயங்களைவிட மட்டாஞ்சேரிக்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும். போர்த்துகீசியர் கட்டிக்கொடுத்து டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்ற கட்டடத்தின் உள்ளே, இராமாயணச் சுவரோவியங்கள் பச்சையும் காவியுமாக அறை முழுவதும் நிறைந்திருக்கின்றன. அவற்றின் முன் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். அடுத்த தெருவில், 1568இல் கட்டிய பரதேசி யூதப் பள்ளியின் நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள் பதித்த தரையைக் காணலாம். ‘வெளி’ என்று பெயர் பெற்ற மைதானத்துக்குப் பக்கத்தில் உள்ள வண்ணான் துறைக்குப் பயணத் திட்டங்களில் அநேகமாக இடம் இருப்பதில்லை. டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் தமிழ் பேசிக்கொண்டு அங்கே இன்றும் அதே தொழிலைச் செய்கிறார்கள். வேலை நேரத்தில் இடைஞ்சல் செய்யாமல், அனுமதி கேட்டுப் பார்க்கலாம்.

காலத்தைப் பொறுத்தவரை, இந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவருவதில்லை. ஏரியில் நீர் வடிந்து கரைப் புல்வெளிகள் வெளிப்படும் மார்ச் முதல் மே வரையே விலங்குகள் அதிகம் தென்படும். அப்போது கொச்சியில் புழுக்கம் தாங்காது. கொச்சி இதமாக இருக்கும் டிசம்பரில் ஏரி நிரம்பியிருக்கும். சபரிமலைக் கூட்டத்தால் கம்பம்–குமுளிச் சாலையிலும் கோட்டயம் சாலையிலும் நெரிசல் மிகும், ஏறும் வண்டிகளைக் கம்பமெட்டு வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. ஆண்டின் கடைசி வாரத்தில் கார்னிவல் கொண்டாட்டத்தால் ஃபோர்ட் கொச்சியில் அறை கிடைப்பது அரிது. மகரவிளக்கு முடிந்த பிறகு, ஜனவரியின் பின்பகுதியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை உள்ள நாள்களே இரண்டுக்கும் பொதுவான நல்ல காலம். பிள்ளைகளின் விடுமுறையால் மே மாதத்தில்தான் போக முடியும் என்றால், கொச்சியில் காலையும் மாலையும் மட்டுமே வெளியே நடந்து, நடுப்பகலை அரண்மனையிலும் படகிலும் கழிக்கலாம். சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போக விரும்புகிறவர்கள் அதை இந்தப் பயணத்தோடு இணைக்க வேண்டாம். அன்று குமுளி முழுவதும் அந்த ஒரு காரியத்துக்காகவே இயங்கும்.

இரண்டு இரவுக்கு மேல் விடுப்பு இல்லாதவர்கள் ஏதேனும் ஒன்றை விட்டுவிடுவதே சரி: மதுரைப் பக்கத்தில் உள்ளவர்கள் தேக்கடியையும், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வருகிறவர்கள் கொச்சியையும் வைத்துக்கொள்ளலாம். நான்கு இரவு கிடைக்கிறவர்கள் மலையில் இரண்டு, கடலோரத்தில் இரண்டு என்று பிரித்துக்கொண்டு, முதலில் மூங்கில் தெப்பத்துக்கும், அந்தத் தேதி உறுதியான பிறகு எர்ணாகுளத்திலிருந்து திரும்பும் ரயிலுக்கும், கடைசியாகத் தங்கும் அறைகளுக்கும் பதிவு செய்ய வேண்டும்.